கொடுத்த கல் எவருடையது?



சென்ற மார்கழித் திங்களில் நம் சங்கத்தைச் சேர்ந்த 22 பேர் கிருஷ்ணா நதிக்கரைக்குச் சென்று மீண்டோம். குண்டூரில் இறங்கி அமராவதியைக் கண்டோம். பின்னர் மாசர்லா வழியாக நாகார்ஜுன சாகரம் சென்று, விசைப்படகில் ஏறி நாகார்ஜுனகொண்டாவை அடைந்தோம். புறப்படுங்கால் இதனை யாத்திரை என்றே அழைத்தோம். ஆனால் சென்ற இடங்களில் எங்களை வரவேற்றது மணியோசை அன்று. நுழைவுச்சீட்டு கொடுக்கும் சாளரமும், "தொடாதீர்கள்" என்னும் பலகையுமே. பகவன் புத்தர் அங்கே எழுந்தருளியிருக்கவில்லை, வைக்கப்பட்டிருந்தார். எண் இட்டு, விளக்கு அமைத்து, எட்டி நின்று காணும்படி வைக்கப்பட்டிருந்தார். அவர்முன் நிற்பவன் வழிபடுவோனா, வேடிக்கை பார்ப்போனா என்னும் ஐயம் எங்களுள் பலருக்கு உண்டாயிற்று. அங்கே நிகழ்ந்த இரண்டு சிறு நிகழ்ச்சிகளைச் சொல்லி, அவற்றால் எழுந்த கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன்.

அமராவதிப் பொருட்காட்சிச் சாலையில், எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் கற்பலகைகளுக்கு நடுவே நின்று, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஐயா, இவையெல்லாம் நம்முடையவை!" என்று உரத்த குரலில் சொன்னார். சொல்லும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. மற்றப் பார்வையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

சிறிது நேரத்திற்கெல்லாம், எங்கள் கூட்டத்திலேயே மூத்தவரான பெரியம்மா ஒருவர், மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகைச் சரத்தை எடுத்துப் புத்தர் திருவுருவின் அடியில் வைக்கப் போனார். காவலர் விரைந்து வந்தார், கடிந்து பேசவில்லை, "அம்மா, இங்கே வைக்கக் கூடாது" என்று தெலுங்கில் பணிவாகவே சொன்னார். பெரியம்மா பூவை மீண்டும் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் இரயிலில் இவ்விரண்டையும் பற்றி நெடுநேரம் வாதம் நடந்தது. நம்முடைய கல்லுக்கு நாம் பூ வைக்கக் கூடாதென்று தடுக்க அவர்கள் யார் என்றார் இளைஞர். "நம்முடையது" என்ற சொல்லே பௌத்தனுக்கு ஆகாதது, அநாத்மம் போதித்தவரின் உருவத்திற்கு எதிரே நின்று "என்னுடையது" என்பதா என்று மறுத்தார் வேறொருவர். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அன்றிரவு என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவ்விளைஞரைக் கடிய எனக்கு மனம் வரவில்லை. வட ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா என்றால், எங்கள் தெருவார் புளியமரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். சட்டம் எப்போதோ கதவைத் திறந்துவிட்டது, ஊர் திறக்கவில்லை. தேரின் குடையைத்தான் நான் கண்டிருக்கிறேன். தேரில் இருந்தவரைக் கண்டதில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு காணும் பொங்கலன்று என் தந்தையார் என்னைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, எழும்பூரில் உள்ள "செத்த காலேஜை"க் காட்டினார். 1851இல் தோன்றிய அந்தப் பொருட்காட்சிச் சாலைக்கு எளிய மக்கள் இட்ட பெயர் அது. பாடம் செய்த விலங்குகளையும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் காணவே கூட்டம் நெருக்கியடித்தது. நானும் அதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் வழி தவறி ஒரு கூடத்துக்குள் புகுந்துவிட்டோம். அங்கே வெளிர்நிறக் கல்லில் வட்டமான ஒரு சிற்பம். மதங்கொண்ட யானை ஒன்று தெருவில் ஓடி வருகிறது. மக்கள் அஞ்சிச் சிதறுகிறார்கள். அதே யானை மறுபுறத்தில் ஒருவரின் பாதத்தில் மண்டியிட்டுக் கிடக்கிறது. நான் அதற்கு ஒரு முழ தூரத்தில் நின்றேன். எந்தத் தெரு என்று எவரும் கேட்கவில்லை. தெய்வத் திருவுருவம் ஒன்றை அவ்வளவு அண்மையில் கண்டது அதுவே முதன்முறை. அது நாளாகிரி யானையைப் பகவன் அடக்கிய காட்சி என்பதும், அமராவதியிலிருந்து வந்த கல் என்பதும் பல்லாண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தன.

ஆகவே பொருட்காட்சிச் சாலையைப் பழிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். பூ வைக்க விடாத இடம் அது என்பது உண்மை. அதே நேரத்தில், எவரையும் புளியமரத்துக்கு அப்பால் நிறுத்தாத இடமும் அது. அங்கே "தொடாதே" என்பது எல்லாருக்கும் ஒன்றுபோலச் சொல்லப்படுகிறது. சிலருக்கு மட்டும் "தொடாதே" என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு இவ்வேற்றுமை சிறியதன்று.

இனி இளைஞரின் சொல்லுக்கு வருவோம். அமராவதிக் கற்கள் எவருடையவை?

அம்மகாசேதியம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் தொடங்கி, பல தலைமுறைகளாகக் கட்டியும் புதுக்கியும் வளர்க்கப்பட்டது. பின்னர் மறக்கப்பட்டு மண்மேடாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வட்டாரத்து ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு தம் புதிய நகருக்குக் கல் வேண்டி அம்மேட்டைத் தோண்டுவித்தார். அப்போது செதுக்கிய பலகைகள் வெளிப்பட்டன. அவை கட்டடங்களுக்குச் சென்றன. பல சுண்ணாம்புக்காகச் சுடப்பட்டன. 1797இல் காலின் மெக்கன்சி என்னும் நிலஅளவை அதிகாரி அங்கே சென்றார். 1816இல் அவர் மீண்டும் வந்தபோது பெரும்பகுதி அழிந்து போயிருந்தது. எஞ்சியவற்றை அவருடைய ஆட்கள் படமாக எழுதி வைத்தார்கள். 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய கற்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் அவற்றுள் பல கப்பலேறி இலண்டனுக்குப் போயின. இன்று நூற்றுக்கு மேற்பட்ட பலகைகள் பிரித்தானிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன, ஒரு பெருந்தொகுதி எழும்பூரில் இருக்கிறது, மிச்சமிருப்பது அமராவதியில்.

"பார்த்தீர்களா, எப்படிக் கொள்ளையடித்தார்கள்!" என்றார் இளைஞர். கேளாமல் எடுத்தது கொடையாகாது. இதில் நான் அவர் பக்கமே. ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன்: "தம்பி, கல் நம்முடையது என்றால் சுண்ணாம்புக் காளவாய் யாருடையது?" ஜமீன்தாருடையது என்றார். ஜமீன்தார் தம் கையால் கல்லை உடைத்திருக்க மாட்டார். உடைத்தவர்களும் தலையில் சுமந்தவர்களும் கூலிக்காரர்கள். நாள்கூலிக்கு எவர் வருவார்? நம்மைப் போன்றவர்களே வருவோம். தம் முன்னோர் கொடுத்ததைத் தாமே உடைக்கிறோம் என்று அறியாமல் உடைத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லையென்று எவர் உறுதி கூறுவார்? நானும் ஆலையில் பல ஆண்டு காக்கித் துணி நெய்தேன். அதை உடுத்தியவர்கள் எங்கே போய் எவரைச் சுட்டார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாதச் சம்பளம் வந்தது, வாங்கிக்கொண்டேன். பெருமையை மட்டும் பங்கு போட்டுக்கொள்வது நேர்மையன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இளைஞர் சளைக்கவில்லை. அவர் சொன்ன மறுமொழிதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. "ஐயா, 'என்னுடையது என்று ஒன்றுமில்லை' என்று சொல்வது பட்டா வைத்திருப்பவனுக்கு எளிது. சித்தார்த்தருக்குத் துறந்து செல்ல ஓர் அரண்மனை இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது? முதலில் 'எங்களுடையது' என்று ஒரு முறையாவது சொல்ல விடுங்கள். துறப்பதைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம்."

இதற்கு விடை நூலிலிருந்து எடுத்துச் சொல்லிவிட முடியாது. ஒன்றுமில்லாதவன் துறந்தேன் என்பதில் பொருளில்லை. பசித்தவனுக்கு உபவாசத்தின் மேன்மையை உபதேசிப்பவன் தம்மத்தை அறியாதவன். இவ்வளவும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அக்கற்களே என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டாமா? அவை ஊமையல்ல. பலவற்றில் எழுத்து இருக்கிறது.

அமராவதிக் கல்வெட்டுக்களைத் தொகுத்த அறிஞர்கள் படித்துச் சொல்லியிருப்பவற்றை நான் கடன் வாங்கிய நூல்களில் ஓரளவு கற்றிருக்கிறேன். அவற்றில் மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைத் தேடுவோர் ஏமாந்து போவர். வணிகர், வாசனைப் பொருள் விற்போர், இல்லறப் பெண்கள், பிக்குகள், பிக்குணிகள் இவர்களின் பெயர்களே மிகுதி. ஒரு கல்லில் தமிள கண்ஹன் என்பவனும் அவன் உடன்பிறந்தாரும் வருகிறார்கள். "தமிள" என்பது தமிழன் என்பதே. மற்றொரு கல்லில் நிறைகுடம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொடுத்தவன் பெயர் விதிகன். தொழில், தோல் வேலை. நாகன் என்னும் ஆசிரியரின் மகன். தாய், மனைவி, சகோதரர்கள், மகன், பெண்மக்கள், சுற்றத்தார், நண்பர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பலகையைக் கொடுத்திருக்கிறான்.

இதனை இரயிலில் நான் சொன்னபோது பெட்டி அமைதியாயிற்று. எங்கள் கூட்டத்தில் நால்வரின் பாட்டன்மார் தோல் பதனிடும் தொட்டியில் நின்றவர்கள். விதிகனுடைய காலத்தில் அத்தொழிலாளரை ஊர் எங்கே வைத்திருந்தது என்பதைப் பற்றிக் கற்பனையாக ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டாம். கல்லில் உள்ளது போதும். அவன் தன் தொழிலை மறைக்கவில்லை. பெயருக்கு முன்னே அதை வைத்தான். குடும்பத்தில் ஒருவரையும் விடவில்லை. பகவனுக்குக் கடைசி உணவு அளித்த சுந்தன் ஒரு கொல்லன் என்பதையும், அவ்வுணவால் பழி வருமோ என்று அவன் வருந்தாதபடி பகவன் ஆனந்தரிடம் ஆறுதல் சொல்லி அனுப்பச் செய்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். கையால் உழைப்பவன் கொடுத்ததைத் தம்மம் என்றும் இரண்டாம் தரமாக வாங்கிக்கொண்டதில்லை.

இப்போது கவனியுங்கள். விதிகன் அக்கல்லில் வைத்த சொல் கொடையைக் குறிப்பது. கொடுத்துவிட்டான். கொடுத்த அக்கணத்திலேயே அது அவனுடையதாக இல்லாமற் போயிற்று. அவனுடையதாக இருந்தபோது அது வெறும் கல். கொடுத்த பிறகே சேதியம் ஆயிற்று. அவனே தன்னுடையதன்று என்று எழுதி வைத்ததை, இத்தனை நூற்றாண்டு கழித்து அவன் பெயரால் நாம் "நம்முடையது" என்று உரிமை கோரலாமா? "நமக்கும் கொடுக்கப்பட்டது" என்று சொல்லலாம். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். ஒன்றல்ல. முன்னதில் மற்றவன் வெளியே நிற்கிறான்; பின்னதில் அவனும் வரிசையில் நிற்கிறான். காணும் பொங்கலன்று நான் நின்ற வரிசை அதுவே.

குசிநாரையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பகவனின் உடல் எரிந்து அடங்கியதும், அஸ்தி எங்களுடையது என்று மல்லர்கள் கோட்டையை அடைத்துக்கொண்டார்கள். அவர் எங்கள் குலத்தவர் என்று சாக்கியர்கள் வந்தார்கள். மகத மன்னன் கேட்டான், மற்றவர்களும் கேட்டார்கள். பகையொழியப் போதித்தவரின் சாம்பலுக்காகப் போர் மூளும் நிலை. துரோணன் என்னும் பிராமணன் நடுநின்று எட்டுப் பங்காக்கினான். தான் அளந்த கலத்தை எடுத்துக்கொண்டான். பின்னால் வந்த பிப்பலிவனத்து மோரியர்களுக்குக் கரிதான் மிஞ்சியது. அவர்கள் அக்கரியை எடுத்துச் சென்று அதற்கும் ஒரு தூபம் எழுப்பினார்கள். எட்டுப் பங்கினரைவிட அம்மோரியர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பற்று உண்டு. காலம் தாழ்த்தி வந்தவர்கள் அல்லவா நாமும்!

இனி நாகார்ஜுனகொண்டா. விசைப்படகில் செல்லும்போது எங்கும் நீர். அந்நீரின் அடியில்தான் இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி இருந்தது. மூன்று புறம் மலையும் ஒரு புறம் ஆறும் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கில் மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் விகாரைகள் நெருங்கி நின்றன. சாந்தமூல மன்னனின் சகோதரி சாந்தசிரி மகாசேதியத்திற்குத் தூண்களைக் கொடுத்தாள். போதிசிரி என்னும் உபாசிகை சேதிய மண்டபம் எடுத்தாள். அம்மண்டபக் கல்வெட்டில், தம்பபண்ணியாகிய இலங்கையின் தேரர்கள் தம்மத்தைக் கொண்டு சென்ற நாடுகளின் வரிசையில் தமிள நாட்டின் பெயரையும் அறிஞர்கள் படித்திருக்கிறார்கள்.

இவ்வூரின் எச்சங்கள் 1926இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1955 டிசம்பர் 10இல் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தாக்கு மூழ்கப் போகிறது என்பதால் 1954 முதல் 1960 வரை விரைந்து அகழ்ந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் தோண்டப்பட்டன. செங்கல் செங்கலாகப் பெயர்த்து ஒன்பது கட்டடங்களை மலையுச்சியில் மீண்டும் நிறுத்தினார்கள். வேறு சிலவற்றை ஆற்றின் கரையில் அனுப்பு என்னும் இடத்தில் அமைத்தார்கள். மலை தீவாயிற்று, 1966இல் அதன்மேல் பொருட்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. 1967இல் கால்வாய்களில் நீர் சென்றது.

பெருந்தவறு நடந்துவிட்டது என்று எங்களில் சிலர் வருந்தினார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. இரயிலில் வரும் வழியெல்லாம் கண்ட பச்சை வயல்களுக்கு நீர் அங்கிருந்து வருகிறது. அன்று மதியம் நாங்கள் உண்ட சோறும் அவ்வயல்களில் விளைந்ததாகவே இருக்கலாம். பசியே பெருநோய் என்று சொன்னவரின் விகாரையை, பசி தீர்க்கும் நீருக்கு அடியில் விட நேர்ந்தது. அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணினால் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் மனத்தை உறுத்தியது வேறு. அப்பள்ளத்தாக்கில் கற்கள் மட்டும் இருக்கவில்லை, ஊர்களும் இருந்தன. கற்களுக்கு எண் இட்டு, சுமந்து, அடுக்கிய வரலாறு நூல்களில் விரிவாக உண்டு. அடுப்பையும் ஆட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறியவர்களைப் பற்றி அவ்வளவு விரிவாக இல்லை. சாந்தசிரி கொடுத்தாள், போதிசிரி கொடுத்தாள் என்று கல் சொல்கிறது. அந்தக் குடியானவர்கள் கொடுத்தார்கள் என்று நாம் சொல்ல முடியுமா? அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. ஈடு கொடுத்தாலும் எடுத்தது எடுத்ததே. இழந்தவனைத் தியாகி என்று பிறர் புகழ்வது அவனுக்கு இரண்டாவது நட்டம்.

எதனால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சொந்த அனுபவம் ஒன்றுண்டு. நான் 17 ஆண்டு தறி ஓட்டிய ஆலை மூடப்பட்டுவிட்டது. அம்மனையில் இப்போது பெரிய வணிக வளாகம் நிற்கிறது. அதன் முகப்பில் பழைய விசைத்தறி ஒன்றைத் துடைத்து, கறுப்புச் சாயம் பூசி, கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செய்த கம்பெனியின் பெயரும் ஆண்டும் பித்தளைத் தகட்டில் உள்ளன. ஒருநாள் அவ்வழியே சென்றவன், பழக்கத்தால் நாடா ஓடும் பலகையின்மேல் கையை வைத்துவிட்டேன். காவலாளி வந்து "தொடாதீங்க, பெரியவரே" என்றான். அவன் மேல் பிழையில்லை. அந்தத் தறி ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை, முதலாளியுடையது. ஆயினும் அந்நேரத்தில் என் நெஞ்சில் எழுந்த சொல் அவ்விளைஞர் சொன்ன அதே சொல்தான்.

ஆகையால் அவருக்கு நான் சொல்லக்கூடிய விடை இவ்வளவே. உழைத்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் வேண்டியது உடைமைப் பத்திரமன்று, பெயர். என் தறியின்மேல் அதை ஓட்டிய ஒருவன் பெயரும் இல்லை. விதிகனின் கல்லில் அவன் பெயர் இருக்கிறது. அவன் தாயும் மனைவியும் மக்களும்கூட இருக்கிறார்கள். பொருட்காட்சிச் சாலைக்குள் நுழைகிற நாம், "எத்தனை அழகு!" என்று வாய் பிளந்து நகர்வதும், "எல்லாம் நம்முடையது" என்று மார்தட்டி நகர்வதும் ஒரே விரைவில்தான் நடக்கின்றன, இரண்டிலும் பெயரைப் படிக்க நேரமில்லை. கொடுத்தவன் யார் என்று கேட்டு நிற்பதும், அறியாதவருக்குப் படித்துச் சொல்வதும் நம்மால் ஆகக்கூடியவை. இலண்டனில் இருப்பவை திரும்பி வர வேண்டுமென்று கேட்பவர்கள் கேட்கட்டும், நானும் கையெழுத்திடுவேன். வந்து சேரும் கல்லை விதிகன் எவருக்காகக் கொடுத்தானோ அவர்கள் அத்தனை பேரும் காணும்படி வைப்போமா, அல்லது அதற்கும் ஒரு புளியமரத்தை நடுவோமா என்பதையும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் விஜயவாடாவில் சில மணி நேரம் இருந்தோம். 2024 ஜனவரி 19இல் திறக்கப்பட்ட பாபாசாகேப் அம்பேத்கரின் சிலை 81 அடிப் பீடத்தின்மேல் 125 அடி உயரத்தில் நிற்கிறது; நகரில் எங்கெங்கிருந்தோ தெரிகிறது. அண்ணாந்து பார்த்தோம். பெரியம்மா தம் மடியிலிருந்த மல்லிகை இரண்டு நாளில் வாடிவிட்டதென்று வெளியே எடுக்கவேயில்லை. அதைக் கிருஷ்ணையில் விட்டுவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்தபடியாக எழும்பூர் பொருட்காட்சிச் சாலைக்குச் செல்வதென்று சங்கத்தில் முடிவாகியுள்ளது. அமராவதியைப் போலவே அங்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆதலால் ஞாயிறன்று செல்கிறோம். அவ்விளைஞர் கல்வெட்டுப் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை நாற்பதுக்கு மேல் ஆகியிருக்கிறது. இம்முறை பூ கொண்டுவரப் போவதில்லை என்றும், பேரனை அழைத்து வருவதாகவும் பெரியம்மா சொல்லியிருக்கிறார். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.